மறைத்தலும் காத்தலும்

(கெங்கவல்லியில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

 

‘இல்லறத்தார் ஒழுக்கம்’ என்னும் பொதுத்தலைப்பை எனக்கு அளித்தார்கள். இத்தலைப்பில் பேசுவோர் வழக்கமாக ஏழு வியசனங்களை எடுத்துரைப்பர். சூது, ஊன், கள், கணிகையர் தொடர்பு, வேட்டை, களவு, பிறன்மனை நயத்தல் என வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாலும் கெட்டவர் கதையைக் கூறி அமர்வர். கேட்போரும் ‘இவற்றில் எதுவும் நம்மிடம் இல்லை’ என்னும் நிறைவோடு சிற்றுண்டிக்கு எழுந்து செல்வர். இன்று அந்த நிறைவைச் சற்றுக் கலைக்க விரும்புகிறேன். என் பேச்சு குடிப்பவரையோ சூதாடுபவரையோ பற்றியதன்று. அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிற மனைவி, தாய் தந்தையர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரைப் பற்றியது.

வியசனம் என்னும் வடசொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. தீய பழக்கம் என்பது ஒன்று; துன்பம், பேரிடர் என்பது மற்றொன்று. நம் ஆசாரிய நூல்களை ஓதுகையில் முதற்பொருளையே நினைக்கிறோம். ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் இரு பொருளும் அங்கே ஆளுக்கொன்றாகப் பிரிந்து நிற்பது தெரியும். பழக்கம் அவருடையது, பேரிடர் வீட்டாருடையது. குடித்தவர் இரவு உறங்கிவிடுகிறார். உறங்காதவள் அவருடைய மனைவி. சூதில் இழந்தவருக்கு அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்னும் நம்பிக்கையாவது துணைக்கு இருக்கிறது. மறுநாள் காலை வாயிற்படியில் வந்து நிற்கும் வட்டிக்காரருக்குப் பதில் சொல்லும் முதிய தந்தைக்கு அதுவும் இல்லை.

நம் குடும்பங்களில் இத்துன்பம் இல்லை என்று எவரும் கூற வேண்டா. குறைவு என்று கூறலாம். அதற்காகப் பெருமைப்படவும் செய்யலாம். ஆனால் அந்தப் பெருமையே துன்புறுவோரின் வாயைக் கட்டிவிடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் தொகை ஏறத்தாழ 89,000. வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரை நீக்கிப் பார்த்தால் தமிழ்ச் சமணராகிய நாம் மிகச் சிறிய கூட்டம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளில் அடர்ந்தும், இங்குப் போலப் பணியின் பொருட்டு வந்த ஊர்களில் சிதறியும் வாழ்கிறோம். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. கெங்கவல்லியில் ஒரு வீட்டில் நடப்பது மூன்றாம் நாள் சித்தாமூரில் தெரிந்துவிடும். இரவுணவை மாலையிலேயே முடித்து, நீரையும் வடிகட்டிப் பருகும் குடும்பம் என்று ஊர் போற்றுகிறது. அவ்வீட்டு மகன் குடிக்கிறான் என்பதை எந்தத் தாய் வெளியில் சொல்வாள்? மகளுக்கு வரன் பார்க்கும் வீடானால் சொல்லவே மாட்டாள். பிற சமூகத்துப் பெண்ணுக்கு வீட்டுத் துன்பம் ஒன்றே சுமை. நம் பெண்ணுக்கு அத்துடன் சமயத்தின் நற்பெயரையும் காக்க வேண்டிய சுமை.

இம்மண்ணுக்கு இப்பொருளில் ஒரு நீண்ட வரலாறு உண்டு; சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய இராஜாஜி, மதுவிலக்குப் பரப்புரைக்கென்றே 1929இல் ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். அவரே சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானபோது, 1937 அக்டோபர் 1ஆம் நாள், மதுவிலக்கை முதன்முதலாக நம் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளும் அன்று சேலம் மாவட்டமே. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கால் மாவட்டத்தில் நேர்ந்த பொருளாதார விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை ஆராய்ந்து நூலாகவும் வெளியிட்டது. போர்க்காலத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டும் வந்தது, பின்னரும் மாறியது. 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது.

சூதின் கதையும் இவ்வாறே. 2003 சனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு தடைசெய்யப்பட்டது. மூன்று எண் லாட்டரி திரைமறைவில் தொடர்ந்தது. பிறகு கைப்பேசியில் ரம்மி வந்தது. பணத்தை இழந்தோரின் தற்கொலைகள் தொடரவே, 2022இல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2023 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் அச்சட்டத்தில் ரம்மி, போக்கர் பற்றிய பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல சட்டங்களை வரவேற்போம். எனினும் சட்டம் வருவதும் போவதுமாக இருந்த இத்தொண்ணூறு ஆண்டுகளில் ஒரு நாளும் மாறாதது, அந்த வீடுகளில் விளக்கை அணைக்காமல் காத்திருந்த பெண்களின் நிலை. இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உயிருக்குப் போராடிய பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். தாய் தந்தை இருவரையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகளும் அவ்வூரில் உண்டு. குடித்தவரைப் பற்றி ஊரெங்கும் விவாதம் நடந்தது. பிள்ளைகளைப் பற்றிய பேச்சு சில நாள்களில் ஓய்ந்துவிட்டது.

இனி வீட்டுக்குள் வருவோம்.

குடும்பத்தார் இத்துன்பத்தை எதிர்கொள்ளும் விதத்தை இங்கிலாந்து நாட்டு உளவியலறிஞர் ஜிம் ஆர்ஃபோர்டும் அவர்தம் குழுவினரும் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். மெக்சிகோ நகரத்து ஏழைக் குடும்பமாயினும், இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிக் குடும்பமாயினும், வழிகள் பெரும்பாலும் மூன்றே என்று கண்டார்கள். பொறுத்துப் போதல், எதிர்த்து நிற்றல், விலகி வாழ்தல். இவற்றை நம் வீட்டு மொழியில் சொல்கிறேன். அலுவலகத்திற்குத் தொலைபேசியில் ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று சொல்வதும், பைனான்ஸ் தவணையைத் தன் நகையை வைத்துக் கட்டுவதும் பொறுத்துப் போதல். சட்டைப் பையைத் துழாவுவதும், புட்டியைத் தேடிக் கவிழ்ப்பதும், கைப்பேசியைப் பிடுங்குவதும், அழுவதும், சபதம் வாங்குவதும் எதிர்த்து நிற்றல். சமைத்து வைத்துவிட்டுப் பேசாமல் பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் வாழ்வதும், தாய்வீடு செல்வதும் விலகி வாழ்தல். ஒரே பெண் ஒரே கிழமையில் மூன்றையும் செய்வாள். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது தடுமாற்றமாகத் தோன்றும். எதைச் செய்தாலும் நாம் ஒரு குறை சொல்வோம்: பொறுத்தால் ‘இடம் கொடுத்துவிட்டாள்’, எதிர்த்தால் ‘வாயாடி, அதனால்தான் குடிக்கிறான்’, விலகினால் ‘கணவனைக் கைவிட்டாள்’. ஆர்ஃபோர்டு குழுவினர் சொல்வதும் எனக்கு உடன்பாடானதும் ஒன்றுதான்: இவை நோயின் அறிகுறிகளல்ல, குணக்கேடுமல்ல, தாங்கவொண்ணாத சூழலில் சிக்கிய இயல்பான மனிதர் செய்யும் முயற்சிகள். அவருடைய குடிக்கு அவள் காரணமில்லை. இதை நம் பெரியவர்கள் முதலில் ஏற்க வேண்டும். குறிப்பாக மாமியார்கள். (சிரிக்க வேண்டா, உண்மையாகவே சொல்கிறேன்.)

அவ்வாறாயின் குடும்பம் என்னதான் செய்யலாம்? இதற்கு நம் நூலிலேயே ஒரு விளக்கு இருக்கிறது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் நற்காட்சியின் எட்டு அங்கங்களைக் கூறுகிறார். தமிழில் அருங்கலச்செப்பும் அவ்வழியிலேயே அவற்றை உரைக்கிறது. அவற்றுள் ஐந்தாவது உபகூகனம், ஆறாவது ஸ்திதிகரணம், ஏழாவது வாத்சல்யம். ஒருவருடைய குறையைத் தூற்றாது காத்தல், வழுவியவரை நிலைநிறுத்தல், உடன்வாழ்வோரிடம் அன்பு பாராட்டல் எனப் பொருள் கொள்ளலாம்.

உபகூகனம் என்பதற்கு மறைத்தல் என்பதே நேர்ப்பொருள். ‘ஆகவே வீட்டுக் குறையை மறைப்பது நம் அறமே அன்றோ’ என்று ஒருவர் கேட்கக் கூடும். ஜினேந்திரபக்தர் கதையைக் கேட்டபின் அதற்கு விடை தேடுவோம். இவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டாக அந்த வணிகரின் பெயரையே நூல் சுட்டுகிறது. கதையை உரைகள் விரிக்கின்றன. தாமிரலிப்தி நகரில் ஜினேந்திரபக்தர் என்னும் பெருவணிகர் வாழ்ந்தார். அவருடைய மாளிகை மேல்தளத்தில் பார்சுவநாதர் ஆலயம்; பகவானின் குடைமேல் விலைமதிப்பற்ற வைடூரியம் ஒன்று இருந்தது. ஏழு வியசனங்களிலும் மூழ்கிய இளவரசன் ஒருவன் அதை விரும்பினான். அவனுடைய கூட்டத்துக் கள்வன் ஒருவன் துறவி வேடம் பூண்டு வந்து வணிகரின் நம்பிக்கையைப் பெற்றான். வணிகர் கடற்பயணத்திற்காக ஊர்ப்புறத்தில் தங்கிய இரவில் மணியைக் கவர்ந்துகொண்டு ஓடினான். காவலர் துரத்தினர். தப்ப வழியின்றி அவன் வணிகரிடமே வந்து அடைக்கலம் புகுந்தான். உண்மையை அவர் ஒரு நொடியில் உணர்ந்தார். துறவி வேடத்தில் ஒருவன் திருடினான் என்றால் அறமே பழிக்கப்படும் என்று கருதிக் காவலரிடம், ‘என் சொற்படியே அவர் மணியைக் கொண்டுவந்தார், நீங்கள் செல்லலாம்’ என்று அனுப்பிவைத்தார். அதன்பின் இரவோடு இரவாக அக்கள்வனை வெளியேற்றினார்.

இக்கதையில் மணி எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். அது கள்வனோடு போகவில்லை. ஜினேந்திரபக்தர் அவனைத் தெருவில் அவமானப்படுத்தவில்லை. அதேவேளை வைடூரியத்தை அவன் கையில் கொடுத்து ‘போய் வா’ என்று வாழ்த்தவும் இல்லை. அவனுடைய வேடத்தை நம்பியதாக நடிக்கவும் இல்லை. மானத்தைக் காத்தார், மணியையும் காத்தார், மறுநாளும் அவனை மாளிகையில் வைத்துத் திருட்டுக்கு இடங்கொடுக்கவில்லை. நம் வீடுகளில் ‘மறைத்தல்’ என்று நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. வீட்டுக்குள் அவரைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே தூற்றுகிறோம். ஆனால் மணியை மட்டும் கையில் கொடுக்கிறோம். மணி என்று நான் சொல்வது தாலிக்கொடியை, நிலப்பத்திரத்தை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை, மாமனாரின் ஓய்வூதியத்தை.

சூதாட்டக் கடனில் இது மிகவும் தெளிவாகத் தெரியும். இங்கே சற்று நின்று பேசுகிறேன். குடிப்பவரின் நிலையைக் கண்ணாலும் மூக்காலும் அறியலாம். கைப்பேசியில் சூதாடுபவர் நம் பக்கத்திலேயே அமர்ந்து, ஸ்தோத்திரப் புத்தகத்தைப் படிப்பவர்போல் குனிந்திருப்பார். வீட்டாருக்குச் செய்தி தெரிவது கடன்காரர் வழியாகத்தான். அன்று குடும்பம் கூடும். அண்ணன் ஒரு தொகை, மாமனார் ஒரு தொகை எனத் திரட்டி, ‘இதோடு முடிந்தது, இனிமேல் தொடக்கூடாது’ என்று சத்தியம் வாங்கிக் கடனை அடைப்பார்கள். அவரும் அழுது சத்தியம் செய்வார். அந்த நேரத்தில் அது பொய்யன்று. ஆனால் சூதின் இயக்கம் வேறு. எப்போதாவது ஒருமுறை, எதிர்பாராத வேளையில் கிடைக்கும் வெற்றி, மனத்தை அடுத்த முறைக்குக் காத்திருக்கப் பழக்குகிறது. இழந்ததை மீட்கவே மேலும் ஆடுகிறார். கடன் முழுவதும் ஒரே நாளில் தீர்ந்தால் அவர் மனம் கற்பது, ‘எவ்வளவு இழந்தாலும் யாரோ மீட்பார்’ என்பதையே. புதிய கடன் பெறும் தகுதியும் உடன் திரும்பிவிடுகிறது. ஆதலால் மொத்தமாக அடைக்காதீர்கள். கணக்கு முழுவதையும் தாளில் எழுதச் செய்யுங்கள். சம்பளமும் வங்கி அட்டையும் சிறிது காலம் அவர் இசைவோடு வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். கடனை அவரே, தம் உழைப்பிலிருந்து, தவணையாகச் செலுத்தட்டும். வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் அவர் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். வெட்கத்தோடு செய்ய வேண்டா; ஜினேந்திரபக்தர் செய்ததுதான் இது.

கணவர் வாங்கிய கடனுக்கு மனைவி, தான் கையொப்பமிட்டோ பிணை நின்றோ இருந்தாலன்றி, பொறுப்பாளி அல்லள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தயம் கட்டும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லி எவரும் வழக்கிட்டுப் பணம் பெற இயலாது. அளவுகடந்த வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாயிலில் நின்று மிரட்டுவோருக்கு அஞ்சி, புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். ‘தம்மையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது?’ என்பதே பாரதத்தில் சூதவையில் பாஞ்சாலி எழுப்பிய கேள்வியின் சாரம். அவையிலிருந்த மூத்தோர் விடையின்றித் தலைகுனிந்தனர். நம் ஊர் மூத்தோர் விடையோடு இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கடன் வெளிப்படும் நாளே அவருக்கு உயிர்மேல் வெறுப்பு மிகும் நாள். சாவைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னாலும் மிரட்டல் என்று தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்னும் டெலிமானஸ் எண்ணிலோ 104 என்னும் எண்ணிலோ கட்டணமின்றிப் பேசலாம்.

அடுத்தது ஸ்திதிகரணம். இதற்கு எடுத்துக்காட்டு வாரிஷேண முனிவர். அவரோடு துறவு பூண்ட நண்பர் புஷ்பதாளர், பன்னிரண்டு ஆண்டுகளாகியும் தம் மனைவியின் நினைவை விட இயலாது தவித்தார். வாரிஷேணர் அவரைக் கடிந்து துரத்தவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் உடன் வைத்திருந்தார். தக்க வேளை வந்தபோது அவரைத் தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்த தேவியரையும் செல்வத்தையும் நேரில் காணச் செய்தார். நண்பர் தாமே நாணித் தெளிந்தார். இதில் நான் காண்பவை காத்திருத்தலும் வேளையறிதலும். குடித்திருக்கும் ஒருவரிடம் இரவு பத்து மணிக்கு அறிவுரை கூறுவது வேளையறியாமை. காலையில், தெளிந்த முகத்தோடு, குற்றச்சாட்டாக அன்றி, ‘நேற்று நீங்கள் வராததால் பாப்பா சாப்பிடாமல் தூங்கிவிட்டாள்’ என்று நடந்ததை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் மேயர்ஸ், ஏறக்குறைய இதையே ஒரு பயிற்சிமுறையாக வகுத்தார். சிகிச்சைக்கு வர மறுப்பவரை விட்டுவிட்டு, அவருடைய குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்தார்கள். குடிக்காத நாளில் அவரோடு மகிழ்ந்திருங்கள். குடித்த நாளில் விலகுங்கள். அவர் செயலின் விளைவை அவரே சந்திக்கட்டும், வாந்தியைக்கூட நீங்கள் துடைக்க வேண்டா. அவர் மனம் இளகும் வேளைக்காக மருத்துவமனையின் விவரத்தைக் கையில் வைத்திருங்கள். உங்கள் உணவு, உறக்கம், நட்பு ஆகியவற்றைக் கைவிடாதீர்கள். 1999இல் வெளியான ஆய்வில், இவ்வாறு பயின்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர் தம் உறவினரைச் சிகிச்சைக்கு வரச்செய்தனர். சண்டையும் சபதமும் இல்லாமலே. கோவாவில் சங்கத் என்னும் அமைப்பும், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்களைக் கொண்டே, இத்தகைய குடும்பங்களுக்கான உதவிமுறையை உருவாக்கியிருக்கிறது. அதன் முதற்படி என்ன தெரியுமா? குறுக்கிடாமல் கேட்பது.

நம்மவரிடம் உள்ள ஒரு வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செய்தி தெரிந்ததும் அவரைப் பகவான் திருமுன் நிறுத்தி, ‘இன்றுமுதல் தொடேன்’ என்று விரதம் ஏற்கச் செய்கிறோம். மதுவை விடுவது சிராவகனின் மூலகுணங்களில் ஒன்றே, ஐயமில்லை. ஆனால் பிறர் பிடித்து நிறுத்தி ஏற்கச் செய்வது விரதமாகாது. அது முறியும்போது அவருக்குக் குடியோடு விரதபங்கப் பாவம் என்னும் அச்சமும் சேர்ந்து, ஜினாலயத்தின் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுகிறார். உடலுக்கும் இதில் ஆபத்து உண்டு. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்குதல் ஆகியவை நேரலாம். சிலருக்கு உயிரே போகும். முதலில் மருத்துவர், பிறகு விரதம். அவ்வாறே, ‘அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கப்படும் மாத்திரைகளையும் பொடிகளையும் தொடாதீர்கள். டைசல்பிராம் என்னும் மருந்தை அறியாமல் உண்டவர் அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நிற்கவும் கூடும். அவரறிய, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அது மருந்து.

சிகிச்சை எங்கே? எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். வழி இல்லாமல் அன்று, போகாமையால். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை அறிந்திருப்பீர்கள். கணவரை இளம் வயதிலேயே மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய பணி அது. 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி தருகிறார்கள். தம் வீட்டுத் துன்பத்தைப் பிறர் வீட்டுக்கு மருந்தாக்கிய அவ்வம்மையாரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். குடிநோயாளரின் உறவினர் மட்டும் கூடிப் பேசும் அல்-அனான் குழுக்கள் 1951இல் அமெரிக்காவில் தோன்றி இங்கும் பரவியுள்ளன. அங்கே பெயரைக் கேட்க மாட்டார்கள், வெளியில் சொல்லவும் மாட்டார்கள். நம் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சிகிச்சைக்குப் பின்னும் சிலர் மீண்டும் வீழ்வர். சர்க்கரை நோயாளி ஒருநாள் இனிப்பு உண்டுவிட்டால் நாம் அவரை வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். இங்கும் அவ்வாறே. ஆனால் ஓர் எல்லை உண்டு. கை நீளுமானால், பிள்ளைகள் அஞ்சி நடுங்குமானால், பொறுமை என்னும் பெயரில் அவ்வீட்டில் இருக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அடிபடுவதைப் பொறுப்பது அகிம்சையாகாது. அது ஹிம்சை நிகழ இடங்கொடுப்பது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்னும் எண் இருக்கிறது, பிள்ளைகளுக்கு 1098. பிரிந்து வாழும் பெண்ணைப் பூசையிலும் விழாவிலும் முன்போலவே அழைத்து அமரச் செய்வது நம் கடன்.

அறக்கட்டளையாரிடம் சில வேண்டுகோள்கள். கல்வி உதவித்தொகையை இத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தையின் கையில் தராமல் நேரே பள்ளிக்குச் செலுத்துங்கள். காரணம் கேட்கவும் வேண்டா, விண்ணப்பத்தில் எழுதவும் வேண்டா. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே செய்துவிட்டால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். வரன் பேசும்போது ‘அந்த வீட்டு அப்பா ஒரு மாதிரி’ என்று செய்தி சொல்லும் பழக்கத்தை, குறைந்தது நம் பொறுப்பிலுள்ளவர்களாவது விட்டுவிடுங்கள். தந்தையின் குடிக்கு மகள் தண்டனை பெறும் வழக்கு எந்த நீதிநூலிலும் இல்லை. ஜினாலயத்துக்குப் பக்கத்து அறை மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் பூட்டியே கிடக்கிறது. பேசியதை வெளியே கொண்டுசெல்லாத அம்மையார் இருவர் அங்கே அமரட்டும். தசலட்சண நாள்களில் ஒரு நாள் சொற்பொழிவுக்கு மாற்றாக ஒரு மனநல மருத்துவரை அழைத்து வாருங்கள்.

மருத்துவமனைக்கு முதல் நாள் தனியே செல்வதே பலருக்கு மிகக் கடினம். ஆத்தூர் போய்ச் சேலம் பேருந்து ஏறி, புறநோயாளிச் சீட்டு வாங்கி, வரிசையில் காத்திருப்பதற்குள் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். உடன் வர ஒருவர் இருந்தால் திரும்ப மாட்டார்கள். அழைத்தால் அன்றே கிளம்பத் தயாராக உள்ளவர்களின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி அலுவலக மேசையில் வையுங்கள். ஓய்வுபெற்றவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். பகலில் வேறு வேலையும் இல்லை. முதல் வரியில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.